எடை குறைக்க வருகிறவர் கையில் புரோட்டீன் டப்பா கொடுக்கும் முன்: வேலூர் ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் ஜிம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் வேலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, முட்டி வலி என்று ஏதோ ஒன்றுக்காக டாக்டரைப் பார்த்து, "முதல்ல எடையைக் குறைங்க" என்று அவர் சொன்ன பிறகு என் மேசைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் ஏற்கெனவே உங்கள் ஜிம்மில் சேர்ந்திருப்பார்கள். உட்கார்ந்ததும் கேட்பது அநேகமாக இதுதான்: "மேடம், மாஸ்டர் புரோட்டீன் ஷேக் குடிக்கச் சொல்றாரு. குடிச்சா எடை குறையுமா? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லும் பதிலை உங்களிடம் மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் அவர்களை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிது. நீங்கள் தினமும் காலையில் பார்க்கிறீர்கள். நீங்கள் சொல்வது அவர்கள் வீட்டு அடுப்படி வரை போகிறது. தமிழ்நாட்டில் 100 பெண்களுக்கு 40 பேர் உடல் பருமனோடோ அதிக எடையோடோ இருக்கிறார்கள் என்று 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆண்களில் 37 பேர். இத்தனை பேரில் கொஞ்சம் பேராவது வெட்கத்தை விட்டு ஜிம் படி ஏறி வருகிறார்கள் என்றால் அதில் உங்கள் உழைப்பு இருக்கிறது. அதை மதித்துத்தான் மேற்கொண்டு சொல்கிறேன்.

பவுடர் எடையைக் குறைக்காது. எந்தப் பவுடரும் குறைக்காது. சாப்பிடும் கலோரி செலவாகும் கலோரியைவிடக் குறைந்தால்தான் எடை இறங்கும். ஷேக் அதற்கு உதவ ஒரே வழிதான் உண்டு: தட்டில் இருக்கும் வேறு ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அது உட்கார வேண்டும். சாப்பிடுவதெல்லாம் அப்படியே இருக்க, மேலே ஒரு ஷேக் சேர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும்.

காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர், தையல் வேலை. ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது. "மசில் வெயிட்டுக்கா, பயப்படாதீங்க" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு ஸ்கூப் பவுடர், 300 மில்லி ஆவின் பச்சை பாக்கெட் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு ஸ்பூன் பீனட் பட்டர், எல்லாம் மிக்ஸியில் அடித்து. எதிரிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பவுடரில் 120 கலோரி, பாலில் 220, பழத்தில் 100க்கு மேல், பேரீச்சையில் 45, பீனட் பட்டரில் 95. மொத்தம் 580 கலோரி வருகிறது. ஒன்பது பத்து இட்லிக்குச் சமம். குடித்துவிட்டு வழக்கமான நான்கு இட்லியையும் சாப்பிட்டிருக்கிறார், "ஷேக் வேற, டிபன் வேற" என்று யாரோ சொன்னதால். டிரெட்மில்லில் 40 நிமிடம் நடந்து அவர் செலவழித்தது 200 கலோரி அளவுதான்.

அவர் மேல் குற்றமே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். மூன்று மாதம் எடை தூக்கினால் அவர் வயதுப் பெண்ணுக்குத் தசை மூன்று கிலோ கூடாது. கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு. அந்தப் பாலையும் பழத்தையும் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தாலே, அல்லது ஷேக் குடிக்கும் நாளில் டிபனைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருந்தாலே கதை வேறு.

சரி, புரதமே வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, புரதமே வேண்டாம் என்று பல வீடுகளில் இருக்கும் நம்பிக்கைதான் தவறு. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதுமான அளவு உள்ளே போய், எடை தூக்கும் பயிற்சியும் இருந்தால் அந்தத் தசை இழப்பு குறையும். புரதம் வயிற்றை நிறைத்து நெடுநேரம் பசியைத் தள்ளிப்போடும். அதைச் செரிக்கவே உடம்பு அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவு செய்யும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10 சதவீதம்தான், கொழுப்புக்கு அதைவிடக் குறைவு. ஆனால் இதெல்லாம் புரதத்தின் குணம். முட்டையிலிருந்து வந்தாலும் கொண்டைக்கடலையிலிருந்து வந்தாலும் டப்பாவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். மென்று சாப்பிடும் உணவு குடிக்கும் பானத்தைவிட அதிகம் பசி தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எடை குறைக்க வருகிறவருக்கு உணவுதான் ஒரு படி மேல்.

நம் ஊர்த் தட்டில் புரதம் குறைவு என்பதையும் நான் மறுக்கவில்லை. காலையில் நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, காரக்குழம்பு, பொரியல், கொஞ்சம் மோர். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி மூன்று தோசை. நாள் முழுக்கக் கூட்டினால் 40 கிராம் புரதம் வந்தால் அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்குப்படி சாதாரண ஆளுக்கே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் வேண்டும். எடை குறைத்துக்கொண்டு உடற்பயிற்சியும் செய்கிறவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை போகலாம். (கணக்கை இப்போதைய எடைக்குப் போடாமல், எட்ட வேண்டிய எடைக்குப் போடுங்கள். 90 கிலோ ஆளுக்கு 90ஐ வைத்துப் பெருக்கினால் தேவையில்லாமல் பெரிய எண் வரும்.) 65 கிலோவுக்கு இறங்க வேண்டியவருக்கு 65 முதல் 78 கிராம். ஆக 25 முதல் 38 கிராம் வரை பள்ளம் இருக்கிறது. அதை எதை வைத்து நிரப்புவது?

இரண்டு முட்டையில் 12 கிராம். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊற வைத்துச் சுண்டல் செய்தால் 8 கிராம். ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் 6. பள்ளத்தில் பெரும்பகுதி இங்கேயே நிரம்பிவிட்டது. சைவம் என்றால் மீல்மேக்கர் இருக்கிறது: காய்ந்த உருண்டை 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம், கலோரி 100 அளவுதான். எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. அசைவக்காரருக்குத் தோல் எடுத்த கோழி, எண்ணெயில் பொரிக்காத மத்தி. ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா என்று கேட்கத்தான் எல்லோரும் என்னிடம் பயப்படுகிறார்கள். மாதத்தில் ஓரிரு நாள், அரிசியைப் பாதியாக்கி கறித்துண்டை விடாமல் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வட ஆற்காடு மண்ணுக்கு நிலக்கடலையும் கொள்ளும் சொந்தம். ஆனால் நிலக்கடலையில் கவனம் வேண்டும். புரதம் நிறைய உண்டு என்று கூடை கூடையாகத் தின்பவர்களைப் பார்க்கிறேன். 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 560 கலோரியும் இருக்கிறது. எடை குறைப்பவருக்கு ஒரு கைப்பிடி போதும். கொள்ளு விஷயத்தில் "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை நம்பி, கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நிறைய. கொள்ளு எதையும் கரைக்காது. 100 கிராமில் 22 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைந்து அடுத்த வேளை தானாகக் குறையும். பழமொழி பலிப்பது அந்த வழியில்தான்.

இப்போது விலையைப் பாருங்கள். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் ‘வே’ புரோட்டீன் பவுடர், நல்லதாக இருந்தால், ஒரு கிலோ 2000 ரூபாயிலிருந்து 3500 வரை போகிறது. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்று வைத்தால் நாளுக்கு 70 ரூபாயிலிருந்து 115 வரை. அதே 24 கிராம் நாலு முட்டையில் 30 ரூபாய் அளவில் முடிகிறது. மாதம் 12,000 சம்பளத்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணிடம் ஜிம் கட்டணத்துக்கு மேல் 3000 ரூபாய் டப்பாவை வாங்கச் சொல்வது சின்ன விஷயம் கிடையாது. அந்தப் பணத்தில் அவர் வீட்டில் எல்லோருக்குமே முட்டை வாங்கலாம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் நீங்கள் என்னைவிட அதிகம் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர் உங்களை நம்பித்தான் வாங்குகிறார். 2024ல் கேரளத்து மருத்துவர்கள் சேர்ந்து இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து, ‘மெடிசின்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு டப்பாக்களில் லேபிளில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் இருந்தது. 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் எச்சம்.

புரத அளவில் எப்படி ஏமாற்ற முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது உங்கள் தொழிலுக்கு நல்லது. சோதனைக்கூடத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். விலை குறைந்த கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் கூடும், கணக்கில் புரதமும் கூடும். தசைக்கு அதனால் பலன் இருக்காது. 2008ல் சீனாவில் குழந்தைகள் பால்பவுடரில் மெலமைன் கலந்ததும் இதே நைட்ரஜன் கணக்கை ஏமாற்றத்தான். ஆக, பொருட்கள் பட்டியலில் முதல் சில பெயர்களிலேயே தனி அமினோ அமிலங்கள் வந்தால் அந்த டப்பாவை ஒதுக்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாத பொருளைத் தொடவே தொடாதீர்கள். ஜிம்மிலேயே பவுடர் விற்றால் உங்களுக்கும் அந்த ஆணையத்தின் பதிவோ உரிமமோ வேண்டும், பில்லும் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கியவர் நாளை ஏதாவது ஆனால் எங்கே போய் நிற்பார்?

எடையைக் கூட்டுவதற்கென்றே விற்கும் மாஸ் கெய்னர் பவுடர் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுதான். எடை குறைக்க வந்தவருக்கு அதை யாரும் கொடுக்கக் கூடாது. "வே தீர்ந்துபோச்சு, இப்போதைக்கு இதைக் குடிங்க" என்று கொடுக்கப்பட்ட ஒருவரை நான் பார்த்திருப்பதால்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

உணவுக்குப் பதிலாக இரண்டு வேளை ஷேக் கொடுக்கும் ‘நியூட்ரிஷன் சென்டர்’கள் ஊரெல்லாம் வந்துவிட்டன. அங்கே முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதைக் காட்டி, அதே மாதிரி உங்கள் ஜிம்மிலும் கேட்கிறார்கள் என்று தெரியும். முதல் வாரத்தில் இறங்குவதில் பாதிக்கு மேல் தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் திடீரென்று நின்றால் கிளைகோஜன் தீரும், தண்ணீரும் வெளியேறும். மறுபடி சோற்றுக்குத் திரும்பிய வாரமே அது ஏறிவிடும். அப்போது அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

உணவை முழுதாக நிறுத்தி ஷேக் கொடுப்பதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் நடந்த ‘டைரெக்ட்’ ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் ஷேக்கும் சூப்பும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து 100க்கு 46 பேருக்குச் சர்க்கரை நோய் மருந்தில்லாமலே கட்டுக்குள் இருந்தது. 2017ல் அதை வெளியிட்டார்கள். ஆனால் அந்த ஷேக்கில் வைட்டமினும் தாதுவும் அளந்து சேர்த்திருந்தது, செவிலியரோ உணவு ஆலோசகரோ தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள், தொடங்கும்போதே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தினார்கள், பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். மாத்திரையைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. வே டப்பாவை வைத்துக்கொண்டு அதை நாமாகச் செய்ய முடியாது.

இனி நான் மிகவும் வேண்டிக் கேட்பது சிறுநீரகம் பற்றி. ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுத்துவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை நான் யாருக்கும் ஊட்டுவதில்லை. ஆனால் எடை குறைக்க உங்களிடம் வருகிற ஆள் யார்? சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர், அல்லது இருந்தும் இதுவரை பரிசோதிக்காதவர். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. இவர்களில் பலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவதும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதும்தான் அறிகுறி, அதையும் சோதித்தால்தான் தெரியும். பழுது இருப்பவர்களுக்குப் புரதம் கிலோவுக்கு 0.8 கிராமை ஒட்டியே இருக்க வேண்டும், 1.3 கிராமைத் தாண்டவே கூடாது என்பது சிறுநீரக மருத்துவர்களின் பன்னாட்டு வழிகாட்டுதல். அப்படி ஒருவருக்கு நாளுக்கு இரண்டு ஸ்கூப் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே டப்பாவைப் பற்றிப் பேசும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். சர்க்கரையோ பிரஷரோ உண்டா? கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் எப்போது பார்த்தீர்கள்? நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீர்கள்? சேர்க்கைப் படிவத்திலேயே இதை அச்சடித்துவிடலாம். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் சேர்த்து ஒரு டப்பா விலையில் சிறு பகுதிதான் ஆகும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பார்த்தால் பாதிப் பேருக்கு டப்பாவே தேவைப்படாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 2024ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதலும், உடம்பை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம், உணவிலிருந்தே எடுங்கள் என்றுதான் சொல்கிறது.

ஷேக் யாருக்குத்தான் பொருந்தும் என்று கேட்டால், சிலருக்கு நன்றாகவே பொருந்தும். மெஸ் சாப்பாட்டை நம்பி இருக்கும் ஹாஸ்டல் மாணவர், ஆனால் பதினெட்டு வயது தாண்டியவராக இருக்க வேண்டும். முட்டை தொடாத, பருப்பு அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும் ஆள். பல் கட்டாமல் மெல்ல முடியாத பெரியவர். ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சமைக்க முடியாதவர். இவர்களுக்கு ஒரு ஸ்கூப், தண்ணீரிலோ கொழுப்பு நீக்கிய பாலிலோ, சர்க்கரை சேர்க்காமல், ஒரு வேளைச் சாப்பாட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக. பால் குடித்தால் வயிறு புரளும் ஆட்களுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்த, ‘ஐசோலேட்’ என்று லேபிளில் போட்ட வே வகை ஒத்துக்கொள்ளும். அவ்வளவுதான், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

டப்பா விற்பதில் உங்களுக்குக் கொஞ்சம் வருமானம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஜிம் வாடகை, கரண்ட் பில், மெஷின் தவணை எல்லாம் கட்டணத்தில் மட்டும் தீராது. விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிறவருக்கு விற்றுக்கொள்ளுங்கள். எடை குறைக்க வருகிறவருக்கு முதல் மாதம் எதுவும் விற்காமல், சாப்பாட்டை மட்டும் சரிசெய்து பாருங்கள். எடை இறங்கி இடுப்பளவும் குறைந்துவிட்டால் அவர் தெருவில் இருக்கும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. எந்த ஜிம்மில் கூப்பிட்டாலும் காலை பயிற்சி முடிந்த பிறகு வந்து, நம் ஊர்ச் சாப்பாட்டில் புரதக் கணக்கு போடுவது எப்படி என்று உறுப்பினர்களுக்குச் சொல்லித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். கரும்பலகை ஒன்றும், லேபிள் பார்ப்பதற்கு நீங்கள் விற்கும் டப்பாவும் இருந்தால் போதும்.

அன்புடன்,
வேலூரில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் உங்கள் சகோதரி